மறைப்பும் மன்னிப்பும்

வகுப்பறைச் சன்னலின் கண்ணாடி உடைந்து கிடக்கின்றது. உடைத்தவன் யார் என்று ஆசிரியர் வினவுகின்றார். வகுப்பிலுள்ள வாய்கள் அனைத்தும் மூடிக்கொள்கின்றன. உடைத்தவனை அறிந்தோர் பலர்; அறிந்தும் உரைப்பார் ஒருவருமிலர். காட்டிக்கொடுத்தவன் என்னும் பட்டத்தைச் சுமக்க எந்த மாணவனும் விரும்புவதில்லை. ஆசிரியர் வகுப்பு முழுவதையும் நிற்க வைக்கின்றார். மணியடித்ததும் அனைவரும் கலைந்து செல்கின்றனர். குற்றம் புரிந்தவன் தப்பினான். குற்றமற்றோர் கால் வலிக்க நின்றனர். ஆயினும், தாங்கள் ஒற்றுமை காத்துவிட்டோம் என்னும் பெருமிதம் அச்சிறுவர்களின் உள்ளங்களில் எஞ்சுகின்றது. ஆசிரியப் பணியில் ஈடுபட்டோர் எவரும் கண்டிராத காட்சியன்று இது. உடைந்தது கண்ணாடியாக இருக்கும் வரையில் இதனைப் பிள்ளை மனத்தின் இயல்பென்று விட்டுவிடலாம். உடைந்தது ஓர் உயிராக இருப்பின் என் செய்வது?

ஒரு சமுதாயம் தன் அமைதியையும் நற்பெயரையும் காத்துக்கொள்ளும் பொருட்டு ஓர் உண்மையை மறைக்கலாமா? மறைத்தால், அதிகாரமோ பதவியோ இல்லாத தனிமனிதர் ஒருவர் அவ்வுண்மையைத் தேடிப் புறப்படுதல் அறமா, அத்துமீறலா? பழைய புண்ணைக் கிளறாமல் மன்னித்து மறப்பதன்றோ சான்றாண்மை? இவை நீதிமன்றத்திற்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல. வீட்டிலும் பள்ளியிலும் கோயிலிலும் நாள்தோறும் எழுகின்ற வினாக்களே ஆகும்.

பேராக் மாநிலத்தின் கடலோரப் பட்டினமாகிய லூமுட்டின் சுற்றுவட்டாரத்தை அறிந்தோர்க்கு, நெருங்கி வாழும் சமுதாயத்தின் வலிமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. லூமுட்டுக்கு அண்மையிலுள்ள சித்தியவானில், 1903ஆம் ஆண்டில் சீனத்தின் பூச்சோவ் பகுதியிலிருந்து வந்து குடியேறிய மெதடிஸ்துக் கிறித்தவக் குடும்பங்கள், காட்டைத் திருத்தி, வழிபாட்டிடமும் பள்ளியும் எழுப்பி, ஒருவரையொருவர் தாங்கி நிலைபெற்றன. இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழரும் அவ்வாறே வாழ்ந்தனர். லயத்தில் ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் இடையே நின்றது ஒரு பலகைச் சுவரே. ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் லயம் முழுதும் மகிழ்ந்தது. ஒரு வீட்டில் இழவு நேர்ந்தால் மற்ற வீடுகள் சோறு சமைத்து அனுப்பின. கடல் கடந்து வந்த ஏழை மக்களுக்கு அந்த நெருக்கமே காப்பாகவும் காவலாகவும் இருந்தது.

ஆயினும், அதே பலகைச் சுவரின் வழியே அடிபடும் பெண்ணின் அழுகுரலும் அடுத்த வீட்டுக்குக் கேட்டது. கேட்டவர் கேளாதவர் போலிருந்தனர். வீட்டுச் செய்தி வீதிக்கு வரலாகாது. தோட்டத்துச் செய்தி தோட்டத்து வாயிலைத் தாண்டலாகாது. இஃது எங்கும் எழுதப்படாத சட்டம். இச்சட்டம் தோன்றியதற்குக் காரணமும் இருந்தது. துரையும் கிராணியும் காவல் துறையும் அம்மக்களுக்கு அந்நியராகவே விளங்கினர்; அந்நியரிடம் முறையிட்டவர்க்கு நீதி கிடைக்கும் என்னும் உறுதி இல்லை. எனவே மௌனம் அவர்களுக்கு ஒரு வேலியாயிற்று. இன்று அத்தோட்டங்கள் பலவற்றில் செம்பனை ஓங்கி நிற்கின்றது. லயங்களில் வாழ்ந்தோர் பலர் சித்தியவானுக்கும் ஈப்போவுக்கும் பெயர்ந்துவிட்டனர். லயம் அங்கேயே நின்றுவிட்டது; எழுதாச் சட்டம் மட்டும் அவர்களுடன் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டது.

இந்த மௌனம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. வேலியிட்டு வாழும் சமுதாயம் எங்கெங்கு உண்டோ, அங்கெல்லாம் இஃது உண்டு. அமெரிக்காவில் ஆமிஷ் என்னும் கிறித்தவப் பிரிவினர் வாழ்கின்றனர். மோட்டார் வண்டியை விடுத்துக் குதிரை வண்டியில் செல்வதும், எளிய ஆடை அணிவதும், வழக்கு மன்றத்தை நாடாதிருப்பதும், பகைவனையும் மன்னிப்பதும் அவர்தம் நெறிகள். 1977ஆம் ஆண்டில் ஒகையோ மாநிலத்தில் கருவுற்றிருந்த ஆமிஷ் பெண் ஒருவர், தீப்பற்றிய களஞ்சியத்தின் அருகே இறந்து கிடந்தார். இயற்கை மரணம் என்று பதிவு செய்து கோப்பு மூடப்பட்டது. ஐயுற்றோர் இல்லாமல் இல்லை. ஆயினும் ஐயம் வழக்காக உருவெடுக்கவில்லை. 1985ஆம் ஆண்டில் அப்பெண்ணின் மகன், சின்னஞ்சிறு பாலகன், நெப்ராஸ்கா மாநிலத்தில் சாலையோரம் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டான். உடலை அங்கே விட்டுச் சென்றவன் தந்தையே. அத்தந்தை பின்னர் டெக்சாஸ் மாநிலத்தில் நிகழ்ந்த வேறொரு மனிதரின் கொலைக்காகத் தண்டிக்கப்பட்டான். மனைவியின் மரணத்திற்கு அவன் காரணன் என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை. கிரெக் ஓல்சன் என்னும் எழுத்தாளர் 1990ஆம் ஆண்டில் இவற்றை நூலாக எழுதினார். மூன்று பத்தாண்டுகளுக்கும் மேல் கழிந்த பின்னர், அந்த முதல் மரணத்தை மட்டும் மீண்டும் ஆராய்ந்து, அது முறையாக விசாரிக்கப்படவே இல்லை என்று மற்றொரு நூலில் வாதிட்டார். 1977ஆம் ஆண்டிலேயே அக்கோப்பு நன்கு ஆராயப்பட்டிருக்குமாயின், பின்னர் நிகழ்ந்தவை நிகழ்ந்திருக்குமா என்னும் வினா படிப்போர் நெஞ்சை உறுத்தாமல் விடாது.

தொலைவிலுள்ள அந்நாட்டை விடுத்து, தமிழகத்தின் அண்டை நிலமாகிய கேரளத்தைக் காண்போம். அங்கும் இவ்வினா எழுந்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் ஓயாமல் ஒலித்தது.

கோட்டயம் நகரிலுள்ள புனித பத்தாம் பயஸ் கன்னியர் மடத்தில் அபயா என்னும் இளம் துறவி தங்கிக் கல்லூரியில் பயின்று வந்தார். தொன்றுதொட்டுத் தம்முள்ளேயே மணவுறவு கொண்டு வாழும் க்னானாயக் கத்தோலிக்கரின் மறைமாவட்டத்தைச் சார்ந்த துறவியர் சபை அவருடையது. 1992ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள், தேர்வுக்குப் படிப்பதற்காக விடியுமுன் எழுந்த அபயா, தண்ணீர் அருந்தச் சமையலறைக்குச் சென்றார். பொழுது விடிந்தபோது அவர் உடல் மடத்துக் கிணற்றில் கிடந்தது. சமையலறையில் குளிர்பதனப் பெட்டியின் அருகே தண்ணீர்ப் புட்டி விழுந்து கிடந்தது; காலணி ஒன்று தனித்துக் கிடந்தது. உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்தவர் தேர்வுக்குப் படிக்க எழுவாரோ என்று எவரும் கேட்டிருக்கலாம். உள்ளூர்க் காவல் துறையும், பின்னர் மாநிலக் குற்றப் பிரிவும், அது தற்கொலையே என்று முடிவு கூறின. அபயாவின் உடைமைகள் சான்றாகக் காக்கப்படாமல் அழிக்கப்பட்டன.

அந்த முடிவை ஏற்க மறுத்தவர்களுள் ஒருவர் ஜோமோன் புத்தன்புரைக்கல். அவர் காவல் அதிகாரி அல்லர். அபயாவின் குடும்பத்தவரும் அல்லர். பொதுப்பணியில் ஈடுபட்டிருந்த இளைஞர். வழக்கு நடவடிக்கைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. மனுமேல் மனுவாக எழுதப்பட்டது. நீதிமன்றத்தின் படிகள் தேய ஏறி இறங்கினார் அவர். 1993ஆம் ஆண்டில் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையின் கைக்குச் சென்றது. அத்துறையின் அதிகாரி வர்கீஸ் தாமஸ், இது கொலையே என்னும் முடிவுக்கு வந்தார். தற்கொலை என்று எழுதுமாறு மேலதிகாரி தம்மை வற்புறுத்தியதாகக் கூறி, பல ஆண்டுப் பணிக்காலம் எஞ்சியிருக்கவே பதவியைத் துறந்தார். அதன் பின்னரும் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்கை முடித்துக்கொள்ள ஒருமுறைக்கு மேல் இசைவு கோரியது. நீதிமன்றம் ஒவ்வொரு முறையும் மறுத்தது. 2008ஆம் ஆண்டு நவம்பரில் இரு பாதிரியார்களும் ஒரு கன்னித்துறவியும் கைது செய்யப்பட்டனர். பாதிரியார்களுள் ஒருவர் பின்னர் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். 2019ஆம் ஆண்டில்தான் சாட்சி விசாரணை தொடங்கிற்று. முன்னர்க் கூறியதை மாற்றிக் கூறிப் பிறழ்ந்தோர் சிலர். மகளுக்கு நீதி வேண்டிக் காத்திருந்த தந்தையும் தாயும் 2016ஆம் ஆண்டில், சில மாத இடைவெளியில், கண் மூடிவிட்டனர்.

இவ்வழக்கில் அறநூல் பயில்வோர் ஊன்றி நோக்கத்தக்க மனிதர் ஒருவர் உளர். அடக்கா ராஜு என்னும் பெயருடைய அவர் ஒரு திருடர். அன்றிரவு மடத்தின் இடிதாங்கியிலுள்ள செம்பைத் திருட உள்ளே நுழைந்தவர். அங்கே இருந்திருக்கக் கூடாத ஆடவரைத் தாம் கண்டதாக அவர் சாட்சியம் அளித்தார். கொலைப் பழியைத் தாமே ஏற்குமாறு தம்மை வதைத்ததாகவும், பணம் தருவதாக ஆசை காட்டியதாகவும் அவர் கூறினார். வறுமையிலேயே வாழ்ந்தபோதும் அவர் தம் சொல்லை மாற்றவில்லை. 2020ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் திருவனந்தபுரம் சிறப்பு நீதிமன்றம் எஞ்சிய இருவரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. மறுநாள் ஆயுள் தண்டனை விதித்தது. கற்றோரும் பதவியுடையோரும் வாய் மூடியிருந்த இடத்தில், திருடன் ஒருவன் சொல் நிலைத்து நின்றது. உண்மை தன் இருப்பிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, ஆளின் தகுதியைக் கேட்பதில்லை போலும்!

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்பது வள்ளுவர் கருத்தன்றோ? ஒருவர் இறந்துவிட்டார், அவர் திரும்பி வரப்போவதில்லை. உண்மையை வெளிப்படுத்தினால் நூற்றுக்கணக்கான துறவியரின் தொண்டு இழிவுபடும். பள்ளிகளும் மருத்துவமனைகளும் ஐயத்திற்கு ஆளாகும். எளிய மக்களின் நம்பிக்கை தளரும். ஒரு மறைப்பினால் இத்தனை தீமை விலகுமாயின், அம்மறைப்பே அறமாகாதோ? இவ்வாறு வாதிடுவோரை வஞ்சகர் என்று ஒதுக்குதல் முறையன்று. அவருள் நல்லோர் பலர் உளர்.

ஆயினும், வள்ளுவர் அவ்விடத்தில் வைத்த தடை ஒன்றை அவர் காணத் தவறுகின்றனர். நன்மை என்று மட்டும் அவர் கூறவில்லை. குற்றமற்ற நன்மை என்றே கூறினார். பலருடைய நன்மைக்கான விலையை, பேச வாயற்ற ஒருவரின் தலையில் சுமத்தினால் அந்த நன்மை குற்றமற்றதாகுமா? அபயாவின் மரணம் தற்கொலை என்று எழுதப்பட்டபோது, கொலையுண்டவர் மீதே கொலைப் பழி ஏற்றப்பட்டது. உயிரை மட்டுமன்று, அவர் பெயரையும் அப்பதிவு பறித்தது. எவருக்கும் தீங்கில்லாத மறைப்பு என்று கருதப்படுவனவற்றை அணுகி ஆராய்ந்தால், தீங்கு இல்லாமல் இல்லை. தீங்குற்றவருக்குக் குரல்தான் இல்லை என்பது விளங்கும்.

மன்னிப்பைப் பற்றிய வாதமும் ஆராயத்தக்கதே. முன்னர்க் குறித்த ஆமிஷ் மக்களே இதற்கு நல்விளக்கம் தருகின்றனர். 2006ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள நிக்கல் மைன்ஸ் என்னும் சிற்றூரின் ஆமிஷ் பள்ளிக்குள் ஒருவன் புகுந்து, பத்துச் சிறுமியரைச் சுட்டான். ஐவர் மாண்டனர். சுட்டவன் தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்தான். ஆமிஷ் மக்கள் அன்றே அவன் குடும்பத்தாரைத் தேடிச் சென்று ஆறுதல் கூறினர். அவன் அடக்கத்திலும் கலந்துகொண்டனர். உலகம் வியந்து நின்றது. அந்த மன்னிப்புக்கு அத்துணை ஒளி எங்கிருந்து வந்தது? சுட்டவன் யார், சுடப்பட்டோர் யார், நிகழ்ந்தது யாது என்பன அனைத்தும் அங்கே வெட்டவெளிச்சமாக இருந்தன. அறிந்தே மன்னித்தனர், அதனால் அது மன்னிப்பு. அறியாத குற்றத்தை மன்னிப்பது எவ்வாறு? குற்றம் செய்தவனே இல்லை என்று கூறும் இடத்தில், மன்னிப்பைப் பெற்றுக்கொள்வார் யார்? மறைப்பு மன்னிப்பின் உடையை உடுத்தி வரலாம், மன்னிப்பாகிவிடாது. மேலும், மன்னிக்கும் உரிமை பாதிக்கப்பட்டவர்க்கே உண்டு. ஊரார் கூடி ஒரு தாயின் சார்பில் அவள் மகளைக் கொன்றவனை மன்னித்துவிட இயலாது. வழக்கை மூடிவிடுக என்று கூறியவர்கள், தமக்கு உரிமையில்லாத ஒன்றையே வாரி வழங்க முற்பட்டனர்.

ஆகவே, தேடுதல் அறமே. ஆனால் தேடுவோர் செய்வன யாவும் அறமாகிவிடுமா? இங்குத்தான் சிலப்பதிகாரம் கைகொடுக்கின்றது. பாண்டியன் அவையில் கோவலனின் வழக்கு முடிந்துபோன வழக்கு. பொற்கொல்லன் சொல்லே சான்றாக, தண்டனையும் நிறைவேறிவிட்டது. கண்ணகிக்குப் பதவியில்லை, படையில்லை, அந்நகரில் உறவும் இல்லை. அவளிடம் இருந்தது ஒற்றைச் சிலம்பு. அரசியின் சிலம்பில் உள்ள பரல் முத்து என்று அரசன் வாயாலேயே கூறச் செய்து, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று உடைத்துக் காட்டினாள். அழுதும் அரற்றியும் நின்றதோடு அமையாமல், சான்று காட்டி வென்றாள். தமிழ்மக்கள் போற்றும் கண்ணகி அவ்வவையில் நின்ற கண்ணகியே. ஆனால் கதை அங்கு முடியவில்லை. அவையை விட்டு நீங்கிய கண்ணகியின் சினம் மதுரையை எரித்தது. சான்றோரையும் குழந்தைகளையும் பசுக்களையும் தீண்டாதே என்று தீக்கடவுளுக்கு அவள் கட்டளையிட்டாள். எனினும், அரசன் பிழைக்கு ஒரு நகரம் எரிந்தது. உண்மையைத் தேடும் ஒவ்வொருவர் கையிலும் சிலம்பும் உண்டு, தீயும் உண்டு.

கோட்டயத்து வழக்கிலும் அத்தீ பரவாமல் இல்லை. வதந்தி ஊரெங்கும் உலவிற்று. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கைதான கன்னித்துறவியைக் கன்னிமைச் சோதனைக்கு உட்படுத்தினர். அவர் அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். காவலில் இருக்கும் பெண்ணை அத்தகைய சோதனைக்கு உட்படுத்துதல் அரசமைப்புச் சட்டத்திற்கே முரணானது என்று 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இறந்த ஒரு பெண்ணின் மானத்தை மீட்கச் சென்றோர், உயிருள்ள மற்றொரு பெண்ணின் மானத்தைச் சிதைத்தனர். அஃது உண்மைக்குச் செய்த தொண்டாகாது. மேலும், 2022ஆம் ஆண்டு ஜூனில் கேரள உயர்நீதிமன்றம், மேல்முறையீட்டை முன்னிட்டு இருவர் தண்டனையையும் நிறுத்திவைத்துப் பிணையில் விடுவித்தது. ஆதலின், ஒரு மன்றத்தின் தீர்ப்பைக் கொண்டு கொண்டாடியோரும் அடங்கியே பேச வேண்டும்.

தேடுவோர்க்குரிய நெறி இதனின்று தெளிவாகும். ஐயம் சான்றாகாது, எத்துணை வலிய ஐயமாயினும் அது நடுவர் முன் வைக்கப்படும் வரையில் ஐயமே. ஒருவர் குற்றம் அவர் பிறந்த குலத்தின் குற்றமன்று. ஒரு மடத்தில் நிகழ்ந்த கொடுமைக்காகத் துறவியர் அனைவரையும் பழிப்பவன், தோட்டத்தில் ஒருவன் செய்த குற்றத்திற்காகத் தமிழர் அனைவரையும் இகழ்ந்த பழைய துரையினும் மேம்பட்டவன் அல்லன். குற்றம் சாட்டப்பட்டவரும் மனிதரே என்னும் நினைவு இறுதிவரை அகலலாகாது. இந்நெறிகளைக் கைவிட்டுத் தேடுகின்றவன், மறைக்கின்றவனுக்கே துணைபோகின்றான். ஏனெனில், வெளியாரிடம் சொன்னால் ஊரையே எரித்துவிடுவர் என்னும் அச்சமே மௌனத்தின் வேலிக்கு உரமாக அமைகின்றது. நேர்மையான விசாரணை ஒன்றே அவ்வச்சத்தைப் போக்கி, வேலியில் வாயில் திறக்கும்.

மீண்டும் அந்த வகுப்பறைக்கு வருவோம். உடைத்தவனைக் காட்டிக்கொடு என்று அதட்டும் ஆசிரியர், பயந்தவனைப் பொய்யனாக்குகின்றார். வகுப்பு முழுவதையும் தண்டிக்கும் ஆசிரியர், குற்றத்தைக் குலத்தின் மேல் ஏற்றும் பாடத்தைக் கற்பிக்கின்றார். உடைந்த கண்ணாடியால் காலில் குத்துண்டவன் யார் என்று முதலில் வினவுகின்ற ஆசிரியரே அறத்தின் வாயிலைத் திறக்கின்றார். தன் தோழனைக் காப்பதா, ஆசிரியரிடம் நற்பெயர் வாங்குவதா என்று தடுமாறிய மாணவனின் பார்வை, அப்பொழுதே காயம்பட்டவன் பக்கம் திரும்புகின்றது. காட்டிக்கொடுத்தல் வேறு, சான்று பகர்தல் வேறு என்பதை அவன் அங்கே உணர்கின்றான். முன்னது தன் நன்மைக்காக; பின்னது குரலற்றவர்க்காக.

இவ்வேறுபாட்டை இளமையில் உணர்ந்த குழந்தை, நாளை தன் வீட்டிலோ உறவிலோ தனக்கோ தன் தங்கைக்கோ தீங்கு நேருங்கால், குடும்ப மானம் என்னும் சொல்லுக்கு அஞ்சி வாய் மூடியிராது. பலகைச் சுவருக்கு அப்பால் அழுகுரல் கேட்கும்போது, எழுந்து சென்று கதவைத் தட்டும். லயத்தின் நெருக்கம் நமக்குத் தந்த நன்கொடை, அழுகுரல் கேட்கும் தொலைவில் ஒருவரையொருவர் வைத்திருந்ததே. கேட்டவர் எழுந்து சென்றிருந்தால், அந்நெருக்கம் முழுமை பெற்றிருக்கும். அதனை முழுமையாக்கும் பொறுப்பு இன்று வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளிடமும், அவர்களுக்கு முன் நிற்கும் ஆசிரியர்களிடமும் வந்து சேர்ந்துள்ளது.